யுரேனஸ், நெப்டியூன்: வாயேஜர் 2 படங்களில் எது மேல்?

ஒரே விண்கலம், அதே கேமராக்கள். 1986 ஜனவரியில் யுரேனஸ், 1989 ஆகஸ்டில் நெப்டியூன். இரண்டையும் இதுவரை அருகில் போய்ப் பார்த்தது வாயேஜர் 2 மட்டும்தான்.

யுரேனஸ் படம் பலருக்கு ஏமாற்றம். தென்துருவம் சூரியனை நோக்கியிருக்க, வெளிர்நீலப் பந்துபோல் வெறுமையாகத் தெரிகிறது. ஆனால் அதன் நிலா மிராண்டாவைப் பாருங்கள், பிளந்து ஒட்டியது போன்ற நிலப்பரப்பு!

நெப்டியூன் வேறு ரகம். மேகங்களுக்கு மேலே சுமார் 5,000 கி.மீ. உயரத்தில் கலம் கடந்தது. அங்கே வெயில் பூமியில் விழுவதில் ஏறத்தாழ 900-இல் ஒரு பங்குதான். அதனால் நீண்ட நேரம் ஒளியை வாங்க வேண்டும். படம் கலங்காமலிருக்கக் கலத்தையே மெல்லத் திருப்பினார்கள். பலனாகப் பூமியளவு கரும்புள்ளி ஒன்று, அதாவது ஒரு பெரும் புயல், படத்தில் சிக்கியது. 1994-இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது அது மறைந்துவிட்டிருந்தது. நெப்டியூனின் டிரைட்டன் நிலாவில் சுமார் 8 கி.மீ. உயரம் எழும் வாயுப் பீச்சல்களும் படத்தில் கிடைத்தன.

அப்புறம் நிறம். நெப்டியூனின் அடர்நீலம், நுணுக்கங்கள் தெரிவதற்காகக் கூட்டப்பட்டது. உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பசுநீலம் என்று 2024-இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு காட்டியது. அப்படியும் என் தேர்வு நெப்டியூன்தான். அந்தக் கரும்புள்ளிக்கு வேறு நெருக்கப் படம் கிடையாது.