மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள்: 13 வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக, அதாவது வெளிநாட்டுப் பையருக்கும் (வாங்குபவருக்கும்) தொழிற்சாலைக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவனாக இருக்கிறேன். சாம்பிள், ஷேடு (துணியின் நிறம்), கட்டிங், பேக்கிங் என்று நாள் முழுக்க ஓடினாலும் கடைசியில் எல்லாம் ஒரு மெயிலில்தான் வந்து நிற்கும். பையர் அங்கே, நாம் இங்கே, நடுவில் இங்கிலீஷ்.

2012-ல் ஒரு ஏ4 தாளில் பத்துப் பன்னிரண்டு இங்கிலீஷ் இணைப்புச் சொற்களை எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினேன். ஒவ்வொன்றுக்கும் நேராகத் தமிழில் ஒரு வரி. அதில் இலக்கண விளக்கமெல்லாம் கிடையாது. மனசுக்குள் வாக்கியம் தமிழில் இப்படி வந்தால் இங்கிலீஷில் இந்தச் சொல்லைப் போடு, அவ்வளவுதான் கணக்கு. நடுவில் இரண்டு முறை திருத்தி எழுதியாயிற்று. எந்த வரி உழைத்தது, எந்த வரி சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும்.

தாளின் முதல் வரி 'இஃப்', 'வெதர்'. தாளே அதற்காகத்தான் பிறந்தது. ஒரு குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர். கார்ட்டன் ஸ்டிக்கரைப் பிரெஞ்சிலும் அடிக்க வேண்டுமா என்று கேட்க வேண்டியிருந்தது. நான் எழுதியது இது: 'ப்ளீஸ் லெட் அஸ் நோ இஃப் யூ வான்ட் த ஸ்டிக்கர் இன் ஃப்ரெஞ்ச்.' பதிலுக்காகக் காத்திருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள், எட்டு நாள். ஸ்டிக்கர் அடிக்கவில்லை, அதனால் பேக்கிங் நின்றது, தூத்துக்குடியில் பிடிக்க வேண்டிய வெசல் போய்விட்டது. ஒன்பதாம் நாள் பையர் தரப்பிலிருந்து வந்த மெயிலில் கோபமே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. பிரெஞ்சு வேண்டுமென்றால்தானே சொல்லச் சொன்னீர்கள்? எங்களுக்கு வேண்டாம். அதனால் எழுதவில்லை.

சரக்கில் ஒரு பகுதி விமானத்தில் போனது. ஓனர் சத்தம் போடவில்லை. "ஏந் தம்பி, பதில் வரலைன்னா ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமில்லங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த 'ங்க'தான் அதிகம் வலித்தது.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. தமிழில் நான் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது. 'வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்பது வேறு, 'வேண்டுமா என்று சொல்லுங்கள்' என்பது வேறு. முதலாவதில் வேண்டாதவர் பேசாமல் இருந்துவிடலாம். இரண்டாவதில் ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தில் வினா எழுத்து என்று படித்தோமே, அந்த 'ஆ' கடைசியில் ஒட்டினால் 'வெதர்'. 'ஆல்' ஒட்டினால் 'இஃப்'. இங்கிலீஷின் 'இஃப்' இரண்டு வேலைக்கும் வந்து நிற்கும், நமக்கோ இரண்டுக்கும் தனித்தனி விகுதி இருக்கிறது. 13 வருடத்தில் இந்த ஒரு வரி என்னைக் கைவிட்டதே இல்லை. 'அனுப்புவதா வேண்டாமா' என்ற இடத்திலும் கணக்கு சரியாக வரும். 'டு' போட்டு வரும் வினைக்கு முன்னால் 'வெதர் டு' என்று எழுதலாம், 'இஃப் டு' என்று எழுத முடியாது. 'டிபென்ட்ஸ் ஆன்' என்பதற்குப் பின்னாலும் 'வெதர்'தான்.

இதே கணக்கு 'சின்ஸ்' வரியிலும் வேலை செய்தது. 'சின்ஸ் த ஷேடு வாஸ் சேஞ்ச்டு, வீ ஹேவ் நாட் ரிசீவ்டு எனி ஆர்டர்ஸ்' என்று ஒருமுறை எழுதினேன். நான் நினைத்தது 'மாற்றியதிலிருந்து'. படித்தவர் எடுத்துக்கொண்டது 'மாற்றியதால்'. குற்றம் சாட்டுகிறோம் என்று நினைத்து, ஷேடை மாற்றியது ஏன் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் வந்தது. தமிழில் 'இலிருந்து', 'ஆல்' என்று பிரித்துப் பார்த்தால், காரணத்துக்கு 'பிகாஸ்', காலத்துக்கு மட்டும் 'சின்ஸ்'. ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடும் இதையே சொல்கிறது. 'சின்ஸ்', 'வைல்' இரண்டையும் காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள், காரணத்துக்கும் முரணுக்கும் வேறு சொல் போடு என்கிறது. இங்கிலீஷ் இலக்கணப்படி 'சின்ஸ்' காரணத்துக்கு வரக் கூடாது என்றில்லை. நூற்றாண்டுகளாக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பணம் சம்பந்தப்பட்ட மெயிலில் இரண்டு அர்த்தம் தரும் சொல் எதற்கு?

'வைல்' பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. 'போது' என்றால் 'வைல்', 'ஆனாலும்' என்றால் 'ஆல்தோ', 'இவர் இப்படி, அவரோ அப்படி' என்றால் 'வேர்ஆஸ்'. அந்த 'ஓ'தான் 'வேர்ஆஸ்'. ஒரு சங்கதி மட்டும்: 2024 வரை நடப்பில் இருந்த 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தின் முகவுரை 'வேர்ஆஸ்' என்றுதான் தொடங்கியது. அது 'ஓ' அல்ல. நம் ஊர்ப் பத்திர எழுத்தர் 'கிரையப் பத்திரம் என்னவென்றால்' என்று ஆரம்பிப்பாரே, அந்த 'என்னவென்றால்' மாதிரி. ஒப்பந்தத்தின் தலையில் இருப்பதைப் பார்த்துவிட்டு மெயிலின் தலையிலும் 'வேர்ஆஸ்' போட்டு எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கும்.

இனி தமிழ் காலை வாரிவிடும் இடங்கள். தாளில் இந்த வரிகளைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

முதலாவது 'அன்டில்', 'அன்லெஸ்'. 'நீங்கள் அப்ரூவல் தராத வரை கட்டிங் தொடங்க மாட்டோம்.' தமிழில் இது சுத்தமான வாக்கியம். 'தராத' என்ற எதிர்மறை இல்லாவிட்டால்தான் நமக்கு என்னவோ போல் இருக்கும். அதை அப்படியே தூக்கி இங்கிலீஷில் வைத்தால் 'அன்டில் யூ டூ நாட் அப்ரூவ்' என்று வரும். எங்கள் செக்ஷனில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரும் முதல் மாதத்தில் ஒரு தடவையாவது இதை எழுதுவார்கள். 'அன்லெஸ்' இன்னும் மோசம், ஏனென்றால் எதிர்மறை அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. 'தராவிட்டால்' முழுவதும் அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு 'நாட்' போட்டால் அர்த்தம் தலைகீழ்.

இரண்டில் எதைப் போடுவது என்பதை நான் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன். பணம் வராமல் சரக்கு போகாது என்று சொல்ல வேண்டும். 'அன்டில்' போட்டால், பணம் வரும், அதுவரை காத்திருக்கிறோம் என்ற தொனி. 'அன்லெஸ்' போட்டால், வருமோ வராதோ என்ற சந்தேகம் எட்டிப்பார்க்கும். பழைய பையருக்கு 'அன்டில்'. முன்பு இழுத்தடித்தவருக்கு யோசிக்காமல் 'அன்லெஸ்'.

இரண்டாவது 'பிகாஸ்'. தமிழில் 'ஏனென்றால்' என்று தொடங்கி ஒரு முழு வாக்கியத்தை எழுதி முற்றுப்புள்ளி வைக்கலாம். போன பத்திக்கு முந்தைய பத்தியில் நானே ஒரு கமாவுக்குப் பின்னால் அதைப் போட்டேன், முற்றுப்புள்ளி வைத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். இங்கிலீஷில் 'பிகாஸ்' தனியாக நிற்காது, இன்னொரு வாக்கியத்தின் தோளில் சாய்ந்தாக வேண்டும். 'த ஷிப்மென்ட் இஸ் டிலேய்டு. பிகாஸ் த டையிங் இஸ் நாட் கம்ப்ளீட்டட்.' இந்த இரண்டாவது துண்டு முறையான எழுத்தில் தப்பு. 'பிகாஸ்' வைத்து வாக்கியத்தை ஆரம்பிக்கவே கூடாது என்று எங்கள் டீச்சர் சொன்னதும் பாதி உண்மைதான். பின்னால் முழு வாக்கியம் வந்து சேர்ந்தால் தாராளமாக ஆரம்பிக்கலாம்.

'பிகாஸ்'க்கு முன்னால் 'நாட்' வந்தால் இன்னொரு குழி. 'வீ டிட் நாட் ரிஜெக்ட் த லாட் பிகாஸ் த ஷேடு வாஸ் டார்க்.' ரிஜெக்ட் செய்யவே இல்லையா, செய்தோம் ஆனால் காரணம் ஷேடு இல்லையா? இதில் தமிழும் கைகொடுக்காது. 'ஷேடு டார்க்காக இருந்ததால் ரிஜெக்ட் செய்யவில்லை' என்பதும் அதே குழப்பம். இந்த மாதிரி இடத்தில் நான் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுகிறேன்.

காரணத்துக்கு 'ஆஸ்' போடும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' லீவ் லெட்டர் எழுதிய யாருக்கும் அது ரத்தத்தில் கலந்தது. தப்பில்லை, கொஞ்சம் பழைய வாடை, அவ்வளவுதான்.

'அண்ட்', 'ஆர்' பற்றித் தாளில் 2012-ல் ஒன்றுமே இல்லை. அதில் என்ன குழப்பம் என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு பையரின் கெமிக்கல் ஷரத்து வந்தது: துணியில் தடை செய்யப்பட்ட அசோ சாயங்கள் 'அண்ட்' ஃபார்மால்டிஹைடு இருக்கக் கூடாது. ஐரோப்பாவில் அசோ சாயத்திலிருந்து பிரியும் அமீன்கள் என்ற குறிப்பிட்ட சில கேடான ரசாயனங்களுக்கு வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். எங்களுக்கு அது மனப்பாடம் என்பதால் இரண்டுமே கூடாது என்று புரிந்துகொண்டோம். ஆனால் எழுத்தைப் பிடித்துத் தொங்குகிற ஒருவர், இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது, ஒன்று இருந்தால் பரவாயில்லை என்று வாதாடலாம். 'நாட்' வரும் இடத்தில் 'ஆர்' போட்டிருந்தால் இந்த வாதமே எழாது.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பல்சிஃபர் வழக்கில் இதற்காகவே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. குறைந்த தண்டனைச் சலுகை பெற, குற்றவாளியிடம் மூன்று விஷயங்கள் 'இல்லாமல்' இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மூன்றையும் சேர்ப்பது ஒரு 'அண்ட்'. ஒன்று இருந்தாலே சலுகை போய்விடுமா, மூன்றும் ஒருசேர இருந்தால்தான் போகுமா? ஒன்று இருந்தாலே போய்விடும் என்று ஆறு நீதிபதிகள், இல்லை என்று மூன்று பேர். அந்த மூன்று எழுத்துச் சொல்லால் மனிதர்கள் சிறையில் இருக்கும் வருடக்கணக்கு மாறுகிறது. இதைப் படித்த அன்றே தாளில் ஒரு வரி சேர்த்தேன். 'அண்ட் சாய்கோடு ஆர்' போட்டுத் தப்பிக்கும் பழக்கத்தையும் அன்றே நிறுத்தினேன்.

சின்ன வரி, பெரிய உபயோகம்: 'இன் கேஸ்'. 'எதற்கும் இருக்கட்டும்' என்று தமிழில் வந்தால் இதுதான். ஸ்பேர் பட்டன் வைப்பது பட்டன் விழுந்தபிறகு இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே. அங்கே 'இஃப்' போட்டால், விழட்டும் பார்க்கலாம் என்று ஆகிவிடும்.

'லைக்', 'ஆஸ்' சண்டை எனக்கு உபயோகப்படவே இல்லை. 1954-ல் வின்ஸ்டன் சிகரெட் விளம்பரத்தில் 'ஆஸ்' வர வேண்டிய இடத்தில் 'லைக்' போட்டதற்கு அமெரிக்காவில் இலக்கணக்காரர்கள் கொதித்தார்கள். எங்கள் ஊரில் 'ஆஸ் பெர் சாம்பிள்' என்று எழுதி அந்தச் சண்டைக்குள் போகாமலே பிழைத்துக்கொள்கிறோம்.

முழுத் தண்டம் என்றால் 'நோ சூனர்', 'ஹார்ட்லி', 'லெஸ்ட்' வரிகள். பள்ளியில் இந்த மூன்றுக்கும் வாங்கிய அடி கொஞ்சமில்லை. 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்', 'லெஸ்ட்' வந்தால் 'ஷுட்' என்று தூக்கத்திலும் சொல்வேன். 13 வருடத்தில் ஒரு மெயிலில்கூடத் தேவைப்படவில்லை. பெல் அடித்ததும் மாணவர்கள் ஓடியதைப் பற்றி எந்தப் பையரும் கேட்பதில்லை.

நாலு வருடமாக ஆபீஸில் இலக்கணம் பார்க்கும் ஒரு சாஃப்ட்வேரும் இருக்கிறது. 'பிகாஸ்' துண்டு வாக்கியத்தை உடனே பிடிக்கும், 'அன்லெஸ்'க்குப் பின்னால் வந்த 'நாட்'டைச் சில சமயம் பிடிக்கும். ஸ்டிக்கர் வாக்கியத்தை அதில் போட்டுப் பார்த்தேன். பச்சை டிக் காட்டியது. நியாயம்தான், இலக்கணத்தில் பிழை இல்லையே. எனக்கு என்ன கேட்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு குறை இன்னும் தீரவில்லை. தாள் நாம் எழுதும் மெயிலுக்குத்தான், வரும் மெயிலுக்கு இல்லை. இங்கிலீஷிலேயே பிறந்து வளர்ந்த பையர்கள் 'வெதர்' வர வேண்டிய இடத்தில் சாதாரணமாக 'இஃப்' எழுதுகிறார்கள். போன வாரம்கூட 'லெட் அஸ் நோ இஃப் த கார்ட்டன்ஸ் ஆர் ரெடி' என்று ஒன்று வந்தது. ரெடியாக இல்லை. இருந்தாலும் பதில் எழுதினேன்: இன்னும் ஆகவில்லை, வியாழக்கிழமை ஆகும்.