என்டர் தட்டியதும் அமலா, கமிட் கொடுத்தபின் அமலா: சிஸ்கோ ஐஓஎஸ், ஜூனோஸ் ஒப்பீடு

கிளை அலுவலகங்களின் ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் புதிதாக வாங்கவேண்டி வந்தபோது, கடைசிச் சுற்றில் மிஞ்சியவை இரண்டு: சிஸ்கோவின் ஐஓஎஸ், ஜூனிப்பரின் ஜூனோஸ் (இரண்டும் அந்தப் பெட்டிகளை இயக்கும் மென்பொருள்கள்). வேகத்திலும் போர்ட் எண்ணிக்கையிலும் எங்கள் தேவைக்கு இரண்டுமே போதும். நான் ஜூனோஸ் பக்கம் சாய்ந்தது வேறொன்றுக்காக. தொலைவில் இருக்கும் பெட்டியில் கை தவறினால் யார் காப்பாற்றுவார்கள்?

ஐஓஎஸ் முறை பலருக்கும் தெரிந்ததுதான். ரோமில் உள்ள தொடக்க நிரல் வன்பொருளைச் சோதித்து, ஃபிளாஷில் இருக்கும் ஐஓஎஸ்ஸை ராமில் ஏற்றும். பிறகு என்விராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) உள்ள ஸ்டார்ட்அப்-கான்ஃபிக், அதாவது சேமித்த அமைப்புக் கோப்பு, படிக்கப்பட்டு, மின்சாரம் போனால் அழியும் ராமில் ரன்னிங்-கான்ஃபிக் (அப்போது ஓடும் அமைப்பு) ஆகும். கடவுச்சொல் மறந்துபோனால், பெட்டி எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ரெஜிஸ்டரைப் பதினறும எண் 2142-க்கு மாற்றினால் போதும், ஸ்டார்ட்அப் கோப்பைத் தொடாமலே பெட்டி எழும். வேலை முடிந்ததும் வழக்கமான 2102-க்குத் திருப்ப மறந்தால், அடுத்த ரீபூட்டிலும் வெறும் பெட்டியாகவே எழும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தட்டும் ஒவ்வொரு வரியும் அந்தக் கணமே அமலாகிவிடும். ஒருமுறை டிரங்க் போர்ட்டில் (பல விலான்கள் ஒன்றாகப் போகும் இணைப்பு; விலான் என்பது அதே கருவிகளில் பிரித்து வைத்த தனி வலை) விலான் 30-ஐச் சேர்க்கப் போனேன். ‘அலவ்ட் விலான் ஆட் 30’ என்று அடித்திருக்க வேண்டும். ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். என்டர் தட்டியதும் மற்ற எல்லா விலான்களும் அந்த டிரங்கிலிருந்து நீங்கின. நான் நுழைந்திருந்த நிர்வாக விலானும் அவற்றில் ஒன்று. கர்சர் அப்படியே நின்றுவிட்டது. தவறு என்னுடையது. சேமிக்காமல் இருந்ததால், அங்கிருந்தவரிடம் மின்சாரத்தை நிறுத்திப் போடச் சொல்லி மீண்டேன்.

சேமிக்காத கான்ஃபிக் அன்று காப்பாற்றியது. அதுவே மற்றொரு நாள் கழுத்தை அறுக்கும். மூன்று மாதத்துக்கு முன் ஒருவர் செய்த மாற்றம், சேமிக்கும் கட்டளையான ‘ரைட் மெமரி’ கொடுக்காததால் ஒரு மின்வெட்டோடு மறைந்துபோகும். அப்போது என்ன காணாமல் போனதென்று யாருக்கும் நினைவிருக்காது. ஸ்டார்ட்அப்பை ரன்னிங்கின் மேல் நகலெடுத்தால் பழைய நிலை திரும்பும் என்று நம்புவோரும் உண்டு. அங்கே நடப்பது கலவைதான், மாற்றீடு அல்ல. புதிதாகச் சேர்த்த வரிகள் பல அப்படியே தங்கிவிடும். முழுமையாக மாற்ற ‘கான்ஃபிகர் ரிப்ளேஸ்’ வேண்டும்.

ஜூனோஸில் நாம் திருத்துவது கேண்டிடேட் எனப்படும் வரைவை மட்டுமே. ‘ஷோ’வுடன் ‘கம்பேர்’ சேர்த்துக் கேட்டால் கூட்டிய வரிக்கு முன் + குறியும் நீக்கிய வரிக்கு முன் - குறியும் போட்டுக் காட்டும். ‘கமிட் செக்’ பிழை பார்க்கும். கமிட் கொடுத்ததும் வரைவு அமலாகும். அதே வேளையில் வட்டிலும் எழுதப்பட்டுவிடும். ஓடுவது ஒன்று, சேமித்தது வேறொன்று என்ற பிளவே இல்லை. இப்போதையதோடு சேர்த்து 50 பதிப்புகள் வரை பெட்டியிலேயே இருக்கும். யார், எப்போது கமிட் செய்தார் என்ற பட்டியலும் கிடைக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது ‘கமிட் கன்ஃபர்ம்ட்’. மாற்றம் அமலாகும், 10 நிமிடத்துக்குள் மறுபடி உறுதிசெய்யாவிட்டால் பெட்டி தானாகவே பழைய கான்ஃபிக்குக்குத் திரும்பும். நேரத்தை நாமே குறைக்கலாம். நான் 3 வைக்கிறேன். டிரங்கில் செய்த அதே பிழையை இங்கே செய்தால் மூன்று நிமிடம் காத்திருந்தால் போதும், யாரையும் தொலைபேசியில் எழுப்ப வேண்டியதில்லை. ஐஓஎஸ்ஸில் இதற்குப் பலர் நம்பியிருப்பது ‘ரீலோட் இன் 10’. அது கான்ஃபிக்கை மட்டும் திருப்பாது, பெட்டியையே ரீபூட் செய்துவிடும். அதன் வழியாகப் போகும் அத்தனை பேரின் இணைப்பும் அறும். ஆர்க்கைவ் (பழைய கான்ஃபிக்குகளைச் சேர்த்துவைக்கும் இடம்) அமைத்துவிட்டால், நேரம் கடந்ததும் மாற்றத்தைத் திருப்பும் ‘ரிவர்ட் டைமர்’ என்ற வசதி அங்கேயும் உண்டு. அதை நான் ஓரிரு முறைதான் பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

பழைய சுவிட்சை வேறிடத்துக்கு மாற்றும்போதும் வித்தியாசம் தெரியும். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கை அழித்தாலும் விலான் விவரம் ஃபிளாஷில் தனிக் கோப்பாகத் தங்கிவிடும். அதையும் தேடி அழிக்காமல் விடிபி (விலான் பட்டியலைச் சுவிட்சுகளுக்கிடையே பரப்பும் நெறிமுறை) ஓடும் வலையில் செருகினால், அதன் ரிவிஷன் எண் (பட்டியல் மாறும்தோறும் கூடுவது) பெரிதாக இருக்கும் பட்சத்தில் வலையில் உள்ள விலான்களையே மாற்றி எழுதிவிடக்கூடும்.

ஜூனோஸிலும் குறை உண்டு. சிறிய பெட்டிகளில் கமிட் முடியும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். ஐஓஎஸ்ஸின் உடனடித்தன்மைக்குப் பழகிய கைக்கு முதல் வாரம் எரிச்சலாகவே இருக்கும். பெரிய சேஸிஸ்களை (பல அட்டைகள் செருகும் பெட்டிகள்) நான் நாள்தோறும் கையாண்டதில்லை. நான் சொல்வதெல்லாம் கிளை அலுவலக அளவுக்குத்தான். இன்னொன்று, அடியில் இருப்பது ஃப்ரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தின் வழிவந்த அமைப்பு. சட்டென்று மின்சாரத்தைப் பிடுங்கினால் கோப்பு முறைமை கெடக்கூடும். அதனால் ‘ரெக்வெஸ்ட் சிஸ்டம் பவர்-ஆஃப்’ கொடுக்காமல் யாரும் பிளக்கைத் தொடக்கூடாது என்று ஒவ்வொரு ராக்கிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.