டோர் பிரவுசர்: மூன்று வருடப் பழக்கத்துக்குப் பிறகு

போன வாரம் பழைய அலுவலகத் தோழி ஒருத்தி போன் செய்தாள். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். நான்கு மாதமாகச் சம்பளம் வரவில்லையாம். கேட்டவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு மிரட்டியிருக்கிறார்கள். "அக்கா, நீங்க டோர்னு ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதுல போய் எழுதினா நான் யாருன்னு யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாள். "ரெண்டு நாள் கொடும்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அப்படி யோசித்ததுதான் இது.

டோர் என்பது, நாம் யார் என்று தளங்களுக்குத் தெரியாமல் இணையத்தில் உலவ உதவும் ஒரு பிரவுசர். நான் அதை நிறுவிய காரணம் வேறு. அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு வருவதற்கு முந்தைய இரவு முழுக்க உட்கார்ந்து தேடினேன். அம்மாவின் போனிலும் என் கணக்கைத்தான் போட்டு வைத்திருந்தேன், அது நினைவிலேயே இல்லை. மறுநாள் காலை அம்மா பார்த்துக்கொண்டிருந்த சமையல் வீடியோவுக்கு நடுவே புற்றுநோய் சிகிச்சை விளம்பரம். "இதெல்லாம் ஏன்டி எனக்கு வருது?" என்று கேட்டார். நாங்கள் அதுவரை அம்மாவிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கட்டி சாதாரணக் கட்டிதான் என்று பிறகு தெரிந்தது, அம்மா நலமாக இருக்கிறார். ஆனால் அந்தக் காலையில் அவர் முகம் போன போக்கை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

தேடுகிற சொற்களே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2006-ல் அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் ஏறக்குறைய 6,50,000 பேரின் தேடல்களை ஆய்வாளர்களுக்காக என்று சொல்லி வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்களைத்தான் போட்டிருந்தார்கள். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வைத்து, ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

டோர் வேலை செய்யும் விதம் இதுதான். நான் ஒரு தளத்துக்குப் போவது மூன்று ரிலேக்கள் வழியாக, அதாவது இடையில் நின்று கைமாற்றிவிடும் மூன்று கணினிகள் வழியாக. முதலாவதற்கு நான் யார் என்று தெரியும், எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்று தெரியாது. கடைசி ரிலேக்குத் தளம் தெரியும், என்னைத் தெரியாது. "விபிஎன் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: விபிஎன்னில் எல்லாம் ஒரே நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகிறது; நான் யார், எங்கே போகிறேன் என்ற இரண்டையும் அந்த நிறுவனமே பார்க்க முடியும். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நம் நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்றவை தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்தே எடுத்துக்கொண்டு போயின.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் எழுத்துருக்களில் இருந்தது. என் லேப்டாப்பில் தமிழ் எழுத்துருக்கள் அறுபதுக்கு மேல் இருக்கும், தட்டச்சு வேலைக்காகப் பல வருடங்களாகச் சேர்த்தவை. சாதாரண பிரவுசரில் ஒரு தளம் நினைத்தால் அவை இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம். அப்படி ஒரு தொகுப்பு உள்ள கணினி உலகத்தில் எத்தனை இருக்கும்? ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் என் இணைப்புக்குரிய எண்ணை, மறைத்தாலும் எழுத்துருக்களே என் பெயரைச் சொல்லிவிடும். மின்னணு உரிமைகளுக்கான ஈஎஃப்எஃப் அமைப்பு 2010-ல் ஏறத்தாழ 4,70,000 பிரவுசர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு 83-க்கும் மேற்பட்டவை வேறு எதோடும் ஒத்துப்போகாத, கைரேகை போன்ற தனி அடையாளத்தோடு இருந்தன.

டோர் பிரவுசர் அந்த அறுபதையும் தளங்களின் கண்ணில் காட்டுவதில்லை. ஜன்னலைப் பெரிதாக்கினால் ஓரத்தில் ஒரு வெற்றுப் பட்டை வரும். முதல் மாதம் அது ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். என் திரையின் சரியான அளவு வெளியே தெரியாமல், எல்லோருக்கும் பொதுவான சில அளவுகளுக்குள் அடக்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஒளிந்துகொள்வது என்றால் இருட்டில் போய் நிற்பது என்றுதான் நினைத்திருந்தேன். இதுவோ சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நிறப் புடவையில் நிற்பது போல. இதை யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. காசு வாங்காமல் தருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி என் கோபம். மூன்று வருடமாகக் குறையாத கோபம். டோரில் போய்க் கதவைத் தட்டினால் பாதித் தளங்கள் "நீ மனிதப் பிறவிதானா, நிரூபி" என்கின்றன. போக்குவரத்து விளக்கு இருக்கிற கட்டங்களைத் தொடு, பேருந்தைத் தொடு, படிக்கட்டைத் தொடு. முடித்தால் இன்னொரு வரிசை. அதையும் முடித்தால் "அனுமதி இல்லை". மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஓர் அரசுத் தளத்தில் ஒரு பக்கம் படிக்க நான்கு நாள் முயன்றேன். கடைசி ரிலே ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருந்தால் அது திறப்பதே இல்லை. அந்த ரிலே வழியாகத்தான் குப்பை அனுப்புகிறவர்களும் வருகிறார்கள், தள நிர்வாகிகளுக்கு யார் எவர் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அது எனக்கும் புரிகிறது. பின்னூட்டம் போட வருகிறவரை நிறுத்துங்கள், பணம் அனுப்ப வருகிறவரை நிறுத்துங்கள். சும்மா படித்துவிட்டுப் போக வருகிறவளை ஏன் நிறுத்துகிறீர்கள்? படிப்பதற்குக் கூட முகத்தைக் காட்ட வேண்டும் என்பது என்ன நியாயம்?

திறக்கிற தளங்களிலும் கணக்கு தொடங்கப் போனால் போன் நம்பர் கேட்கிறார்கள். நம் ஊரில் சிம் கார்டு அடையாள அட்டை காட்டித்தான் வாங்கியாக வேண்டும். ஓடிபி-யைத் தட்டிய அந்த நிமிடம் மூன்று ரிலேயும் வீண்.

தோழியின் விஷயத்தில் என்னைப் பயமுறுத்தியது இது மட்டுமல்ல. 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தேர்வைத் தள்ளிப்போட ஒரு மாணவர் பொய்யான வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். டோர் வழியாகத்தான் அனுப்பினார். டோர் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அவர் பயன்படுத்தியது பல்கலைக்கழக வைஃபை. அந்த நேரத்தில் அங்கிருந்து டோருக்குப் போனவர்கள் யார் என்று பதிவுகளைப் பார்த்தார்கள், எஃப்பிஐ போய் விசாரித்ததும் ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் செய்தது குற்றம், என் தோழி கேட்பது உழைத்த கூலி. ஆனால் மாட்டிக்கொள்ளும் விதம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவள் கல்லூரி வைஃபையில் டோர் திறக்கிற ஆள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கூட்டமே இல்லாத இடத்தில் கூட்டத்தில் எப்படிக் கலப்பது?

வீட்டிலிருந்து எழுதினால்? அவள் துறையில் ஏழு பேர். அவள் எழுத்து எனக்கே மனப்பாடம்: எந்தப் பத்தியும் "உள்ளபடியே" என்றுதான் ஆரம்பிக்கும். எந்த மாதம் எத்தனை ரூபாய் பிடித்தார்கள் என்று எழுதினாலே போதும், அது யார் கணக்கு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அதை எந்த மென்பொருளும் மறைக்காது.

நேற்று அவளிடம் சொன்னேன்: "எழுதுறதுக்கு இதை நம்பாதேம்மா. இப்போதைக்கு வேண்டாம்."

"அப்போ நீங்க மட்டும் ஏன்க்கா வச்சிருக்கீங்க?"

"நான் படிக்கிறதுக்கு வச்சிருக்கேன். படிக்கிறதுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியலை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்படின்னா படிக்கிறதுக்கே போட்டுக் கொடுங்க. சம்பளத்தை நிறுத்தினா எங்க போய்க் கேட்கலாம், சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல்ல நான் தெரிஞ்சுக்கணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். கல்லூரியில் கொடுத்த லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு, சொந்த லேப்டாப்பை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.