பிளெண்டரில் இன்ஸ்டன்ஸும் பைத்தானும்: சில வருஷ அனுபவம்

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் 2.8 பதிப்பு வந்த காலத்திலிருந்து கட்டட விஷுவலைசேஷனுக்குப் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிவருகிறேன். வேலையில் முக்கால்வாசி ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் பரப்புவதுதான்; தனி நகல் எடுக்காமல் மூலத்தையே பல இடங்களில் காட்டுவதுதான் இன்ஸ்டன்ஸ். கூரை ஓடு, நடைபாதைக் கல், அரங்க நாற்காலி, மரம். அதில் எனக்கு எது நிலைத்தது, எதைக் கைவிட்டேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. ஷிஃப்ட்-டி என்ற குறுக்குவிசை ஆப்ஜெக்டோடு அதன் வடிவமான மெஷ்ஷையும் சேர்த்துக் காப்பி எடுக்கும். ஆல்ட்-டி புது ஆப்ஜெக்டை உருவாக்கிப் பழைய மெஷ்ஷையே அதற்கும் கொடுக்கும். ஸ்கிரிப்டிலும் அப்படித்தான்: இருக்கிற மெஷ்ஷைக் கொடுத்து ஆப்ஜெக்டை உருவாக்கி, கலெக்ஷனில் (ஆப்ஜெக்டுகளின் தொகுப்பு) லிங்க் செய்தால் முடிந்தது. இதற்குப் போய் டூப்ளிகேட் ஆபரேட்டரை லூப்பில் ஓட்டுபவர்களை இன்னும் பார்க்கிறேன். எண்ணிக்கை ஏற ஏற அது நொண்டியடிக்கும். சில நூறு நாற்காலிகளுக்கு லிங்க் செய்த ஆப்ஜெக்டே எனக்குப் பிடித்தது. கிளையன்ட் "அந்த மூலை நாற்காலியை மட்டும் திருப்புங்க" என்றால் கிளிக் செய்து திருப்பிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. மாடிஃபையர் (மூல வடிவத்தைத் தொடாமல் மாற்றிக் காட்டும் அமைப்பு) மெஷ்ஷில் உட்காருவதில்லை, ஆப்ஜெக்டில் உட்காருகிறது. பெவல் (விளிம்பை மழுக்கும் மாடிஃபையர்) போட்ட கூரை ஓட்டை ஆல்ட்-டி அடித்துப் பெருக்கினால் ஒவ்வொன்றுக்கும் பெவல் தனித்தனியாகக் கணக்கிடப்படும். மெஷ் ஒன்றுதானே என்று நாம் நிம்மதியாக இருக்க, மெமரி ஏறிக்கொண்டே போகும். பெருக்கும் முன் மாடிஃபையரை அப்ளை செய்து மெஷ்ஷிலேயே சேர்த்துவிடுங்கள்.

எண்ணிக்கை பல ஆயிரத்தைத் தாண்டினால் ஆப்ஜெக்ட் வழியே வேண்டாம். 2021இல் 2.92 பதிப்போடு, நோட்களை இணைத்து வடிவங்களை உருவாக்கும் ஜியாமெட்ரி நோட்ஸ் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 3.0, ஒவ்வொரு புள்ளிக்கும் தனி மதிப்பைக் கணக்கிடும் ஃபீல்டு முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நான் ஒரே முறையில்தான் போகிறேன்: முடிவெடுப்பது பைத்தான், பெருக்குவது நோட்ஸ்.

கூரையை எடுத்துக்கொள்வோம். ஸ்கிரிப்ட் ஒரே ஒரு மெஷ்ஷை உருவாக்கும். அதில் எட்ஜும் (விளிம்பு) இல்லை, ஃபேஸும் (பரப்பு) இல்லை. ஓடு வர வேண்டிய இடங்களில் வெறும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று ஆட்ரிபியூட் (புள்ளியோடு சேமிக்கும் மதிப்பு): எவ்வளவு சாய்வு, எவ்வளவு அளவு, எந்த வகை ஓடு. நான்கு வகை ஓடு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஓரிரு டிகிரி கோணலாக்கினாலே கூரைக்கு உயிர் வந்துவிடும். மதிப்புகளை ஒவ்வொன்றாக எழுதாமல் ஃபோர்ஈச்_செட் என்ற கட்டளை கொண்டு ஒரே வீச்சில் ஏற்றுவேன். அது தட்டையான பட்டியலைக் கேட்கும்; 1000 புள்ளியின் வெக்டருக்கு (ஒன்றுக்கு மூன்று எண்) 3000 எண்கள். பிறகு புள்ளிகளில் ஓடுகளை வைக்க இன்ஸ்டன்ஸ் ஆன் பாயிண்ட்ஸ் நோட், ஓடுகளின் கலெக்ஷனைத் தனித்தனியாகப் பிரிக்க கலெக்ஷன் இன்ஃபோவில் செப்பரேட் சில்ட்ரன், வகை எண்ணைக் கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க பிக் இன்ஸ்டன்ஸ் டிக். கலெக்ஷனில் உள்ளவை பெயர் வரிசைப்படி எண் பெறும் என்பதால், யாராவது ஓட்டின் பெயரை மாற்றினால் உடைந்த ஓடு இருந்த இடமெல்லாம் புது ஓடாகிவிடலாம். அவுட்லைனரில் (காட்சியின் ஆப்ஜெக்ட் பட்டியல்) இத்தனையும் ஒரே வரி.

இந்த நோட்ஸும் ஆப்ஜெக்டில் ஒரு மாடிஃபையராகத்தான் உட்காரும்; அதன் மதிப்பை ஸ்கிரிப்டிலிருந்து மாற்றுவதுதான் இன்னும் எரிச்சல் தரும் இடம். உள்ளீடுகளை அவற்றின் பெயரால் கூப்பிட முடியாது. உள் அடையாளத்தால்தான் கூப்பிட வேண்டும். 2023 நவம்பரில் வந்த 4.0இல் நோட் குரூப்பின் உள்ளீடுகளை ஸ்கிரிப்டில் கையாளும் இன்டர்ஃபேஸ் ஏபிஐயே மாறியது. முன்பு இன்புட்_2 என்று வந்த அடையாளம், புதிதாகச் செய்யும் குரூப்பில் சாக்கெட்_2 என்று வருகிறது. அடையாளத்தை நேரடியாக எழுதிவைத்த பழைய ஸ்கிரிப்டுகள் அதில் படுத்துவிட்டன. இப்போது இன்டர்ஃபேஸில் பெயரைத் தேடி, அதற்குரிய அடையாளத்தை எடுத்துத்தான் மதிப்பு போடுகிறேன். போட்டும் வியூபோர்ட் (காட்சி தெரியும் பகுதி) அசையாவிட்டால் பதற வேண்டாம், ஆப்ஜெக்டில் அப்டேட்_டேக் கூப்பிடுங்கள்.

பரப்பியதைத் திரும்பப் படிப்பது வேறு கதை. இன்ஸ்டன்ஸ் என்பது ஆப்ஜெக்ட் இல்லை, சீன் பட்டியலில் அதைத் தேடக் கூடாது. கூரையின் ஆப்ஜெக்டை மெஷ்ஷாக மாற்றிப் பார்த்தாலும் இன்ஸ்டன்ஸ்கள் அதில் வராது. பிளெண்டர் கணக்கிட்டு முடித்த காட்சியைத் தரும் டெப்ஸ்கிராஃபின் ஆப்ஜெக்ட்_இன்ஸ்டன்சஸ் பட்டியலில் ஓடினால்தான், இடம், கோணம், அளவைச் சொல்லும் ஒவ்வொன்றின் மேட்ரிக்ஸும் கிடைக்கும். கிடைத்ததை அந்தச் சுற்றிலேயே காப்பி எடுத்துவிட வேண்டும். லூப் நகர்ந்ததும் அந்தக் குறிப்பு செல்லாது. கேம் என்ஜினுக்கு அனுப்பும்போது ஒரு ஓட்டின் மெஷ்ஷையும், ஓடு ஒன்றுக்கு 16 எண்கள் என ஜேசான் கோப்பில் மேட்ரிக்ஸ்களையும் தனியாகக் கொடுக்கிறேன். யூனிட்டியில் ஒய் அச்சு மேல்நோக்கி, அதுவும் இடக்கை முறை. அந்த அச்சு மாற்றத்தை ஸ்கிரிப்டிலேயே முடித்துக் கொடுத்தால் எதிர்முனையில் இருப்பவர் உங்களை வாழ்த்துவார்.

ஓடு சரிந்து விழும் காட்சி என்றால் இந்த முறை கைகொடுக்காது. ரிஜிட் பாடி என்ற இயற்பியல் சிமுலேஷனுக்கு உண்மையான ஆப்ஜெக்ட் வேண்டும். மேக் இன்ஸ்டன்சஸ் ரியல் போட்டு முழுக் கூரையையும் ஆப்ஜெக்டாக்குவது தற்கொலை. விழப்போகும் புள்ளிகளை மட்டும் ஸ்கிரிப்டில் பிரித்தெடுத்து அவற்றுக்கு ஆப்ஜெக்ட் செய்கிறேன், மீதி நோட்ஸிலேயே இருக்கும். புல்தரை மாதிரி ஒரே ஒரு ஷாட்டுக்குத்தான் என்றால் ஸ்கிரிப்டே வேண்டாம், டிஸ்ட்ரிபியூட் பாயிண்ட்ஸ் நோட்டே போதும்.