இமேஜ்மேஜிக் 7: ‘மேக்’ அடிப்பதற்கு முன் அந்தப் பட்டியலைப் படியுங்கள்

இமேஜ்மேஜிக் என்பது படங்களைக் கட்டளைகளால் மாற்றவும் திருத்தவும் உதவும் மென்பொருள். லினக்ஸ் வகையான உபுண்டு 24.04-இல், அதன் நிறுவல் கட்டளையான ஆப்ட் வழியாக அதைப் போட்டால் வருவது 6.9.12. பதிப்பு 7 வெளிவந்ததோ 2016-இல். டெபியன் 13-இல் 7 நேரடியாகவே கிடைக்கிறது. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மூலநிரலைத் தொட்டு, அதை இயங்கும் நிரலாக மாற்ற, அதாவது கம்பைல் செய்ய, தேவையில்லை. உபுண்டு 24.04 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புகளிலேயே இருந்துகொண்டு 7 வேண்டும் என்பவர்களுக்கும், தேவையான நூலகங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க நினைப்பவர்களுக்கும்தான் இந்த மதிப்பீடு.

ஜான் கிறிஸ்டி 1987-இல் டூபான்ட்டில் எழுதத் தொடங்கி, 1990-இல் பொதுவில் விட்ட மென்பொருள் இது. இத்தனை வயதாகியும் இதன் கம்பைல் முறை எளிமையாகவே இருக்கிறது: கணினியில் என்னென்ன இருக்கிறது என்று தேடும் கான்ஃபிகர், கம்பைல் செய்யும் மேக், நிறுவும் மேக் இன்ஸ்டால். மூன்றும் பிழையே காட்டாமல் முடிந்துவிடும். சிக்கலே அதில்தான். ஜெபெக் படங்களைப் படிக்க உதவும் நூலகம் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) இல்லையென்றாலும் கான்ஃபிகர் நிற்காது. அதை விட்டுவிட்டு மேலே போய்விடும். ஜெபெக்கைத் திறக்கத் தெரியாத ஒரு பட மென்பொருள் உங்கள் கணினியில் வெற்றிகரமாக நிறுவப்பட்டிருக்கும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். படத்தின் மேல் எழுத்து பொறிக்கும் அனோடேட், கேப்ஷன் போன்ற வசதிகள் ஃப்ரீடைப் என்ற நூலகத்தை வைத்து எழுத்துருவை வரைகின்றன. தமிழ் எழுத்துகளை முறைப்படி கோப்பதற்கு ராக்ம் என்ற நூலகமும் கூட வேண்டும். அது எழுத்துக்கோப்பு நூலகமான ஹார்ஃப்பஸைக் கொண்டு அந்த வேலையைச் செய்கிறது. ராக்ம் இல்லையென்றால் குறியீடுகள் சேமிக்கப்பட்ட வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும். ‘பெயர்’ என்று கொடுத்தால் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்று ‘பயெர்’ போலத் தெரியும். ‘மு’, ‘கு’ போன்றவற்றில் உகரக் குறி எழுத்தோடு சேராமல் தனியே தொங்கும். இதைப் பார்த்து எழுத்துருவைக் குறை சொல்லி வேறு வேறு எழுத்துருக்களை மாற்றிப் பார்ப்பது வீண்வேலை.

அதனால் கம்பைல் செய்யும் முன், ஏற்கெனவே இருக்கும் நிறுவலில் வெர்ஷன் கட்டளையைக் கொடுத்து ‘டெலிகேட்ஸ்’ வரியைப் பாருங்கள்; எந்தெந்த நூலகங்களோடு கம்பைல் செய்யப்பட்டது என்பதை அது காட்டும். ராக்ம் இருந்தால் தமிழுக்காக எதுவும் செய்ய வேண்டாம். ராக்ம் இல்லாமல், எழுத்துகளைக் கோக்கும் இன்னொரு நூலகமான பாங்கோகெய்ரோ மட்டும் இருந்தால், கேப்ஷனுக்குப் பதிலாக ‘பாங்கோ:’ என்ற முன்னொட்டைப் பயன்படுத்துங்கள்; எழுத்து சரியாக வரும். இரண்டும் இல்லையா, அல்லது அனோடேட்டே வேண்டுமா? அப்போது மூலநிரலுக்குப் போகலாம்.

முதலில் கம்பைலர் முதலியவற்றைத் தரும் பில்ட்-எசென்ஷியல், நூலகங்கள் எங்கே என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் இரண்டையும் போடுங்கள். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லையென்றால், நூலகங்கள் எல்லாம் நிறுவப்பட்டிருந்தும் கான்ஃபிகரால் பலவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்து ஜெபெக், பிஎன்ஜி, டிஃப், வெப்பி, ஹீஃப், ஃப்ரீடைப், ஃபான்ட்கான்ஃபிக், எல்சிஎம்எஸ் 2, எக்ஸ்எம்எல் 2, ராக்ம் ஆகியவற்றின் ‘டெவ்’ பேக்கேஜ்கள். டெவ் என்ற பின்னொட்டு இல்லாத பேக்கேஜ் ஓடுவதற்கு மட்டும் போதும். கம்பைல் செய்யத் தேவையான ஹெட்டர் கோப்புகள் அதில் இருக்காது. ஆப்டின் பில்ட்-டெப் கட்டளை இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே அடியில் கொண்டுவரும், ஆனால் அதற்கு மூலநிரல் களஞ்சியம் இயக்கப்பட்டிருக்க வேண்டும். வேண்டாதவையும் நிறைய வந்து சேரும். பெயர் சொல்லிப் போடுவதே நல்லது.

பிடிஎஃப் வேண்டுபவர்கள் அதைப் படிக்கும் நிரலான கோஸ்ட்ஸ்கிரிப்ட்டைச் சாதாரண பேக்கேஜாகப் போட்டால் போதும். இமேஜ்மேஜிக் அதைத் தனி நிரலாக அழைத்துக்கொள்ளும்.

இப்போது கான்ஃபிகர். ஓடி முடிந்ததும் கடைசியில் ஒரு நீண்ட பட்டியல் வரும். இடப்பக்கம் இருப்பது என்ன கேட்டோம் என்பது. வலப்பக்கம் இருப்பது என்ன கிடைத்தது என்பது. இடப்பக்கத்து ‘யெஸ்’ஸைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள், வலப்பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். ஃப்ரீடைப், ராக்ம் இரண்டும் அங்கே ‘யெஸ்’ என்றிருந்தால்தான் அனோடேட்டில் தமிழ் சரியாக வரும். கோட்டுப்பட வடிவமான எஸ்விஜிக்கான ஆர்எஸ்விஜி நூலகத்தை நாமாகக் கேட்காவிட்டால் கான்ஃபிகர் தேடவே தேடாது. ‘வித்-ஆர்எஸ்விஜி’ என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இமேஜ்மேஜிக்கின் உள்ளேயே இருக்கும் எஸ்விஜி வரைவி வேலை செய்யும். அது எளிய படங்களுக்கு மட்டும்தான் தாங்கும்.

ஒவ்வொரு வண்ணச் சேனலுக்கும் எத்தனை பிட் என்பதைச் சொல்லும் குவான்டம் ஆழத்தையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். பதிப்பு 7-இன் இயல்பு 16 பிட், அதோடு எச்டிஆர்ஐ என்ற உயர் வீச்சு வசதி. எச்டிஆர்ஐ இருந்தால் ஒவ்வொரு சேனலும் 4 பைட் தசம எண்ணாகச் சேமிக்கப்படும். 24 மெகாபிக்சல் படம் ஒன்று, ஆல்ஃபாவோடு 4 சேனல் என்றால், 24 × 16 = 384 எம்பி நினைவகம். எச்டிஆர்ஐயை நிறுத்தினால் 192. அதோடு 8 பிட்டுக்கும் இறங்கினால் 96. வண்ணத் திருத்தம், ஃபோரியர் மாற்றம் போன்ற வேலைகளுக்கு எச்டிஆர்ஐ உதவும். வலைத்தளத்துக்குச் சிறுபடம் தயாரிக்கும் 1 ஜிபி சர்வரில் அது பாரம். அங்கே எச்டிஆர்ஐ இல்லாத 8 பிட் போதும்.

மேக்கை ‘ஜே 4’ என்று நான்கு வேலைகளாகப் பிரித்து ஓட்டலாம். சிறிய சர்வரில் ‘கில்ட்’ என்று சொல்லிக் கம்பைலர் நடுவில் சாய்ந்தால் நினைவகம் தீர்ந்துவிட்டது என்று பொருள். ‘ஜே 1’ கொடுத்து மறுபடி ஓட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். நிறுவிய பிறகு மேஜிக் கட்டளையைக் கொடுத்தால், லிப்மேஜிக்கோர்-7 என்ற பகிர் நூலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வருவது மிகச் சாதாரணம். கோப்பு யூஸ்ஆர்-லோக்கல் அடைவில் பத்திரமாக இருக்கும். நூலகங்களைத் தேடி ஏற்றும் லோடருக்குத்தான் அது தெரியாது. நிர்வாகி அனுமதி தரும் சூடோவோடு எல்டிகான்ஃபிக் ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

‘நோ டீகோட் டெலிகேட்’ என்ற பிழை வேறு வகை. அந்தப் பட வடிவத்துக்கான நூலகம் கம்பைல் நேரத்தில் இல்லை. இப்போது டெவ் பேக்கேஜை நிறுவினால் மட்டும் போதாது. மேக் க்ளீன் செய்து, கான்ஃபிகரிலிருந்து திரும்ப வர வேண்டும். ஐபோன் எடுக்கும் ஹெய்க் படங்களில் இன்னொரு நுணுக்கம்: பட்டியலில் ஹெய்க் ‘யெஸ்’ என்றிருந்தும் படம் திறக்காமல் போகலாம். உபுண்டு 24.04-இல் ஹீஃப் நூலகத்தின் டீகோடர்கள் தனித்தனி ப்ளகின் பேக்கேஜ்கள். அவற்றில் டிஈ265 ப்ளகின் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த மென்பொருளில் கடுமையாகக் குறை சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எந்த வடிவம், எவ்வளவு நினைவகம் என்று வரம்பு போடும் பாதுகாப்புக் கொள்கைக் கோப்பின் இயல்புநிலை ‘ஓப்பன்’, அதாவது கட்டுப்பாடற்றது. டெபியனும் உபுண்டுவும் தரும் பேக்கேஜில் நினைவகத்துக்கு 256 எம்பி, அகல உயரத்துக்கு 16,000 பிக்சல் என்றெல்லாம் எல்லைகள் போட்டிருப்பார்கள். மூலநிரலிலிருந்து நிறுவும்போது அந்த வேலி இருக்காது. 2016-இல் இமேஜ்ட்ராஜிக் என்று பெயர் பெற்ற ஓட்டை, பதிவேற்றிய படக்கோப்பு வழியாகவே சர்வரில் கட்டளைகளை ஓட்ட வழிவிட்டது. பொதுமக்கள் படம் ஏற்றும் தளத்தில் ‘ஓப்பன்’ கொள்கையோடு இதை வைக்கவே கூடாது. கான்ஃபிகரில் ‘வித்-செக்யூரிட்டி-பாலிசி’ கொடுத்து லிமிடெட், செக்யூர், வெப்சேஃப் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெப்சேஃப் வழக்கமான வலைப் பட வடிவங்களை மட்டும் அனுமதிக்கும், ஆகவே பிடிஎஃப், ஹெய்க் வேண்டியவர்கள் செக்யூரை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். அதே கோப்பில் த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் இழை) எல்லையை 1 ஆக்கிவிடுங்கள். பல பிஎச்பி செயல்கள் ஒரே நேரத்தில் ஓடும் சர்வரில், ஒவ்வொன்றும் எல்லாக் கோர்களையும் பிடித்துக்கொண்டு ஒன்றையொன்று மெதுவாக்குவது நிற்கும்.

பழைய 6 அப்படியே யூஸ்ஆர்-பின் அடைவில் இருக்கும், கன்வெர்ட் என்ற பெயரில் இரண்டு பதிப்புகளும் மோதும். ஸ்கிரிப்ட்களில் ‘மேஜிக்’ என்றே எழுதுங்கள். 7-இல் கன்வெர்ட் கைவிடப்பட்ட பெயர். பிஎச்பியின் இமேஜிக் நீட்சி தானாக 7-க்கு மாறாது, அதையும் பிஎச்பி நீட்சிகளை நிறுவும் கருவியான பெக்கிள் வழியாக மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கம்பைல் செய்த அடைவை அழித்துவிடாதீர்கள்: மேக் அன்இன்ஸ்டால் அங்கிருந்துதான் ஓடும்.