அப்துல்லா இப்ராஹிமோட ‘மானன்பெர்க்’ ஆல்பம், கேட்டுட்டு எழுதுறேன்

ஜாஸ்னாலே நமக்குப் புரியாதுப்பான்னு ஒதுங்குறவங்க கிட்ட நான் முதல்ல போட்டுக் காட்டுறது இந்த ஆல்பத்ததான். அப்துல்லா இப்ராஹிம் தென்னாப்பிரிக்க ஜாஸ் பியானோக்காரரு. இது 1974ல அங்க கேப் டவுன்ல ரெக்கார்ட் பண்ணது, கவர்ல டாலர் பிராண்டுன்னு அவரோட பழைய பேரு இருக்கும், குழம்பிக்காதீங்க, அவரே தான். மொத்தமே ரெண்டு ட்ராக், எல்பி ரெக்கார்டுல பக்கத்துக்கு ஒண்ணு.

டைட்டில் ட்ராக் 13 நிமிஷத்துக்கு மேல ஓடும். சில கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டு) தான், அதே சுத்து தான் திரும்பத் திரும்ப வருது, ஆனா பஜனையில ஒரே வரிய பாடப் பாட நாமளும் வாய்விட்டு சேர்ந்துக்குவோம்ல, அந்த மாதிரி அஞ்சாவது நிமிஷத்துல நம்ம காலு தானா தாளம் போட ஆரம்பிச்சிடுது. டவுன்ஷிப்ல, அதாவது வெள்ளைக்காரங்க அல்லாதவங்கள ஒதுக்கி வச்ச குடியிருப்புகள்ல, திருட்டுத்தனமா சாராயம் விக்கிற வீடுகள்ல வாசிச்ச மராபிங்கற பழைய பாணி இது. அதுக்குள்ளயே சர்ச் பாட்டோட நிதானமும் இருக்கு. இவரோட பாட்டி சர்ச்ல பியானோ வாசிச்சவங்க, அம்மாவும் வாசிச்சாங்க, இவரும் ஏழு வயசுல கத்துக்க ஆரம்பிச்சவரு. அதத் தெரிஞ்சுக்கிட்டு மறுபடி கேட்டப்போ இடது கையில அந்த சர்ச் நல்லாவே கேட்டுச்சு எனக்கு.

பியானோ சவுண்டு ஏன் இப்படி தகரம் மாதிரி இருக்குன்னு யோசிக்காதீங்க, பெரிய கிராண்ட் பியானோ கிடையாது, சுவத்தோரமா நிக்கிற சாதா பியானோ, அதோட சுத்தியல்கள்ல ட்ராயிங் பின்ன குத்தி வச்சிருந்தாங்களாம். எனக்கு அந்தக் கரகரப்பு தான் ரொம்பப் பிடிச்சது, பளபளன்னு இருந்திருந்தா இந்தப் பாட்டு செத்திருக்கும்.

அப்புறம் பேசில் கோட்ஸியோட டெனர் சாக்ஸபோன். அய்யோ என்ன சொல்றது. அவசரமே இல்லாம, ஒரு பெரியவரு திண்ணைல உக்காந்து நடந்தத ஒண்ணொண்ணா சொல்ற மாதிரி வாசிக்கிறாரு. கேப் டவுன்ல டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்னு எல்லாரும் கலந்து வாழ்ந்த பகுதி இருந்துச்சு, 1966ல அத வெள்ளைக்காரங்க பகுதின்னு அரசாங்கம் அறிவிச்சு, 60,000 பேருக்கு மேல கிளப்பி ஊருக்கு வெளிய மணல் வெளில கொண்டு போய் விட்டாங்க. மானன்பெர்க் அப்படி விட்ட இடங்கள்ல ஒண்ணு. பாட்டுல ஒரு வரி கூட அதப்பத்திப் பாடல, ஆனா எண்பதுகள்ல நிறவெறிக்கு எதிரான கூட்டங்கள்ல கோட்ஸியும் ராபி ஜான்சனும் இத வாசிச்சப்போ ஜனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கல. ஜான்சனோட ஆல்டோ சாக்ஸபோனும் இந்த ஆல்பத்துல இருக்கு, கவனிச்சுக் கேளுங்க.

ரெண்டாவது பக்கம் ‘தி பில்க்ரிம்’ நல்லா தான் இருக்கு, ஆனா முதல் பக்கம் குடுத்த சூடு அதுல இல்ல, நான் அத தனியா வேற நாள்ல தான் கேப்பேன்.

போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, பேஸ், அதான் அடியில ஓடுற கனமான ஒலி, மொத்தமும் காணாமப் போயிடும், சுத்து எங்க ஆரம்பிக்குதுன்னே புரியாது. ஒரு ஹெட்போன் போதும். நடுவுல ஸ்கிப் பண்ணாதீங்க, சாக்ஸ் அடங்குனப்புறம் பியானோ என்ன பண்ணுதுன்னு பொறுமையா கேளுங்க.