நாளை மதியப் பந்திக்கு 40 கிலோ கோழி: ஐஸை எப்படிக் கரைப்பது?

சாயங்காலம் டீப் ஃப்ரீசரைத் திறந்தால் கோழி எல்லாம் பாறை பாறையாகக் கிடக்கிறது. நாளை மதியம் பந்தி. கேட்டரிங் கிச்சனில் இருப்பவர்களுக்கு இந்த வயிற்றைப் பிசையும் உணர்வு நன்றாகத் தெரியும். கையில் இருப்பது ஐந்து வழி: சமையல் மேடையில் அப்படியே போட்டு வைப்பது, தண்ணீரில் போடுவது, சில்லருக்கு (உறைய வைக்காமல் குளிர மட்டும் வைக்கும் பெரிய ஃப்ரிட்ஜ்) மாற்றுவது, மைக்ரோவேவ், ஐஸோடு அடுப்பில் ஏற்றிவிடுவது. ஐந்தையும் நான் செய்திருக்கிறேன். இரண்டைக் கோழிக்கு இனி செய்ய மாட்டேன்.

மேடையில் போட்டு வைப்பதை முதலில் முடித்துவிடலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 5 கிலோ லெக் பீஸ் பாக்கெட் ஒன்றை ராத்திரி 11 மணிக்கு டப்பில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலை 5 மணிக்குக் கையை விட்டால் மேல் துண்டுகள் வழவழவென்று, ஒரு மாதிரி வாடையோடு. நடுவில் இன்னும் தேங்காய் அளவுக்கு ஐஸ். "நல்லாக் கழுவி மஞ்சள் போட்டா சரியாயிடும் தம்பி" என்றார் மாஸ்டர். சரியாகாது. ஐஸ் சூட்டை நன்றாகக் கடத்தும். அது கரைந்து தண்ணீரானால் கடத்தும் திறன் கால்வாசியாகக் குறைந்துவிடும். அதனால் முதலில் இளகிய மேல் சதையே உள்ளே இருக்கும் ஐஸுக்குப் போர்வையாகிவிடுகிறது. உள்ளே கரைய மணிக்கணக்காகும். அதுவரை வெளிப்புறம் அறைச் சூட்டில் கிடக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி பெருகும். நம் ஊர் ராத்திரி 30 டிகிரி அதற்குத் தோதான இடம். ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி விட்டுவைக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. அதனால்தான் "எப்படியும் வேகத்தானே போகுது" என்ற சமாதானம் எடுபடாது. அந்த 5 கிலோவும் குப்பைக்குத்தான் போனது.

அடுத்தது தண்ணீர். இதில்தான் எனக்கும் பாடப் புத்தகத்துக்கும் தகராறு. தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், ஓடும் குழாயடியில் வைத்தால் சீக்கிரம் கரைந்துவிடும் என்று கேட்டரிங் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பார்கள். உண்மைதான். ஆனால் எந்தத் தண்ணீர்? அமெரிக்க உணவு விதி 21 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ இன்னும் கறார்: 15 டிகிரி அல்லது அதற்குக் கீழே, 90 நிமிடத்துக்குள், அதுவும் காய்கறிக்கும் இறால், நண்டு மாதிரிக் கடல் உணவுக்கும் மட்டும். கறி, கோழி, மீன் என்றால் 5 டிகிரிக்குள் இருக்கும் ஃப்ரிட்ஜ் அல்லது மைக்ரோவேவ், அவ்வளவுதான். ஒரு மே மாத மத்தியானம் எங்கள் குழாயடியில் தெர்மாமீட்டரைப் பிடித்தேன்: 34 டிகிரி. மொட்டை மாடித் தொட்டியில் வெயில் காய்ந்த தண்ணீர். அதில் கோழியைப் போடுவதற்கும் மேடையில் வைப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை. லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பதுதான் மிச்சம்.

இறாலுக்கு மட்டும் இந்த வழியை வைத்திருக்கிறேன். கவரில் ஓட்டை இல்லை என்று பார்த்துவிட்டு, டப்பில் குடிதண்ணீரும் குடிதண்ணீரில் உறைய வைத்த ஐஸ் கட்டிகளும் போட்டு, தெர்மாமீட்டர் 15-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றினால் ஒரு கிலோ பாக்கெட் சொன்ன நேரத்துக்குள் தயார். மார்க்கெட்டில் கிடைக்கும் பார் ஐஸ் வேண்டாம். அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்குத் தெரியும்?

மைக்ரோவேவ் விதிப்படி சரி, 40 கிலோவுக்கு விளையாட்டு. ஐஸைவிடத் தண்ணீர் மைக்ரோவேவை அதிகமாக உறிஞ்சும் என்பதால், முதலில் இளகிய ஓரம் வெந்தே போகும், நடு கல்லாக இருக்கும். அரை கிலோ கறி அவசரத்துக்கு வேண்டுமென்றால் போடலாம், எடுத்ததும் நேராக அடுப்புக்கு.

ஐஸோடு அடுப்பேற்றுவதைப் பலர் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். சரியான சரக்குக்கு அதைவிட நல்ல வழி இல்லை. பச்சைப் பட்டாணி, ஸ்வீட் கார்ன், பரோட்டா, கட்லெட் எதையும் கரைக்கவே கூடாது. கரைத்தால் சொதசொதத்துப் போகும். குழம்பில் போடும் சின்ன மீன் துண்டுகளுக்கும் சரிவரும், வேகும் நேரத்தைச் சுமார் ஒன்றரை மடங்காக்க வேண்டும். ஆனால் சிக்கன் 65-க்கு இந்தப் புத்தி வேண்டாம். ஐஸ் ஒட்டிய துண்டு எண்ணெயில் விழுந்தால் சட்டி பொங்கி அடிக்கும். வெளியே சிவந்திருக்கும், எலும்பை ஒட்டிப் பச்சையாக இருக்கும். அசைவத்தின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டதா என்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லாமல் அதில் இறங்கக்கூடாது.

மிச்சம் சில்லர். கோழிக்கு என் ஓட்டு இதற்குத்தான், குறைகளோடு சேர்த்து. முதல் குறை நேரம்: இரண்டு, இரண்டரை கிலோவுக்கு ஒரு நாள் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் அந்த 5 கிலோ பாறைக்கு இரண்டு நாளுக்கு மேல். இரண்டாவது இடம்: பாக்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் இருப்பவை ஒன்றையொன்று குளிர வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். மூன்றாவது வடியும் தண்ணீர். நறுக்கிய மல்லி, புதினாத் தட்டின் மேல் கோழித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்ததை ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். பந்திக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அதிலிருந்து கோழிக்கு அடித்தட்டு, ஆழமான ட்ரே, மேலே மூடி.

நேரமும் இடமும் வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. கோழி வந்ததும் ஒரு கிலோவாகப் பிரித்து, கவருக்குள் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி உறைய வைத்தால் சில்லரில் இடைவெளி விட்டுப் பரப்பிக் கரைக்க ஒரு நாள் போதும். 5 கிலோ மூட்டையாக உள்ளே தள்ளியவர் இரண்டு நாள் கழித்து வரப்போகிறவருக்கு வேலை வைத்துவிட்டுப் போகிறார். சனிக்கிழமை மதியப் பந்தி என்றால் எங்களுடையது வியாழன் சாயங்காலம் ஃப்ரீசரை விட்டு இறங்கும். கரைந்ததில் மிஞ்சினால் திரும்ப ஃப்ரீசருக்குப் போகாது. அன்றைக்கே ஸ்டாஃப் குழம்பு.

அந்த வியாழன் சாயங்காலம் மறந்துபோனால்? நான் இப்போதெல்லாம் குழாயைத் திறப்பதில்லை. கறிக்கடை அண்ணனுக்குப் போன் போட்டு, விடிகாலையில் புதுக்கோழி வெட்டித் தரச் சொல்வேன். ஐஸ் கோழி அடுத்த வாரப் பந்திக்கு ஃப்ரீசரிலேயே இருக்கும். முதலாளி பில்லைப் பார்த்து முறைப்பார், முறைக்கட்டும்.